நீர்புகாக் கேமரா: ஒரு திணை ஆய்வு

'நீர்புகாக் கேமரா' என்ற தொடரில் 'புகா' என்பது ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். 'புகாத' என்ற சொல்லின் கடைசி எழுத்து கெட்டுப்போய் 'புகா' என்று நிற்கிறது. கெட்டது அந்த ஓர் எழுத்தோடு போயிற்று என்று நம்பித்தான் 2007 ஜனவரியில், இரண்டு நீர்புகாக் கேமராக்களும் ஒரு குடும்பமுமாக, இவ்வாய்வாளர் அந்தமானுக்குப் புறப்பட்டார். வேறு என்னென்ன கெட்டன என்பது பிப்ரவரியில் பிரிண்ட் கைக்கு வந்தபோது தெரிந்தது. (ஆய்வாளரைப் படர்க்கையில் வைத்து 'அவர்' என்பது கட்டுரைக்கு மரியாதை. ஆனால் கேமராவைத் தலைகீழாகப் பிடித்தவரும் அவரே என்பது பின்னால் வரப்போவதால், இனி 'நான்'.)

பெயரெச்சம் செய்பவன், கருவி, நிலம், செயல், காலம், செயப்படுபொருள் ஆகிய ஆறில் ஒன்றைக் கொண்டு முடியும் என்பது பள்ளிக்கூடத்தில் படித்தது. 'நீர் புகாத கேமரா' என்றால் நீர் நுழைய முடியாத இடமாகிய கேமரா. ஆக இது நிலப்பொருளில் முடிந்த பெயரெச்சம். தயாரித்தவர் கொடுத்த வாக்கு பெட்டி என்னும் அந்த நிலத்தைப் பற்றியது மட்டுமே. பெட்டிக்குள் நீர் புகாது. படத்துக்குள் நீர் புகாது என்று எந்த அட்டையிலும் யாரும் எழுதித் தரவில்லை. இலக்கணம் தெரிந்தவன் கடையிலேயே கவனித்திருப்பான். எங்களுக்கு அதை வாங்கி வந்தவரோ நியூஜெர்சியில் கணினி வேலை பார்க்கிற மச்சான்.

நீருக்கடியில் படமெடுக்கும் கலை பிறக்கும்போதே பாதி ஏமாற்றத்தோடுதான் பிறந்தது. 1856 பிப்ரவரியில் இங்கிலாந்தின் வேமத் விரிகுடாவில் வில்லியம் தாம்சன் என்ற வழக்கறிஞர் ஒரு கேமராவைப் பெட்டிக்குள் அடைத்து, படகிலிருந்து 18 அடி ஆழத்துக்கு இறக்கினார். 10 நிமிடம் ஒளி படவிட்டு மேலே தூக்கினால், பெட்டிக்குள் தண்ணீர். ஆனாலும் கண்ணாடித் தட்டைக் கழுவிப் பார்த்தபோது மங்கலாகப் பாறையும் கடற்பாசியும் தெரிந்தன. தாம்சனுக்குப் பெட்டிக்குள் தண்ணீர் புகுந்தது, படத்தில் கடல் வந்தது. எனக்குப் பெட்டிக்குள் ஒரு சொட்டுப் புகவில்லை, படத்தில் தண்ணீரைத் தவிர வேறொன்றும் வரவில்லை. 151 ஆண்டு முன்னேற்றம் இது.

கடலில் நேர்ந்ததை ஆராய நெய்தல் திணையைவிடப் பொருத்தமான சட்டகம் கிடையாது. முதல், கரு, உரி என்ற வரிசையிலேயே போகலாம். நெய்தலின் உரிப்பொருள் இரங்கல் என்பது வாசகருக்கு நினைவிருக்கும். கட்டுரை எங்கே போய் முடியும் என்பதை மறைக்க நான் விரும்பவில்லை.

முதற்பொருள்

நிலம்: ஜாலி பாய் தீவு. போர்ட் பிளேரிலிருந்து ஏறக்குறைய 30 கிலோமீட்டர் தள்ளி வண்டூர் படகுத்துறை, அங்கிருந்து படகு. 1983இல் அறிவிக்கப்பட்ட மகாத்மா காந்தி கடல் தேசியப் பூங்காவின் 15 தீவுகளில் இது ஒன்று. ஆண்டில் பாதி ஜாலி பாய்க்கும் மறுபாதி ரெட் ஸ்கின் தீவுக்கும் ஆட்களை விடுவார்கள். பவளத்துக்கும் ஓய்வு வேண்டுமல்லவா. ராத்திரி தங்க முடியாது. பிளாஸ்டிக் கொண்டுபோக முடியாது.

இந்தப் பிளாஸ்டிக் தடையைச் சற்று நெருக்கத்தில் பார்க்க வேண்டும். படகுத்துறையில் பையைத் திறந்து காட்டச் சொன்னார்கள். முறுக்கு இருந்த பிளாஸ்டிக் பை வெளியே வந்தது. முறுக்கு என் மனைவியின் முந்தானைக்குப் போனது. சிப்ஸ் பாக்கெட் வெளியே வந்தது. மாமியாரின் எவர்சில்வர் தூக்கு, உள்ளே புளியோதரையோடு, எந்தக் கேள்வியும் இல்லாமல் உள்ளே போனது. சூழலியல் இயக்கத்தில் அவருக்கு உரிய இடம் இன்னும் கிடைக்கவில்லை. கடைசியில் அந்தக் காவலர் கேமரா இரண்டையும் எடுத்து அமுக்கிப் பார்த்தார். ஒளி ஊடுருவும் தடித்த பிளாஸ்டிக் கூடு, அதற்குள் இன்னொரு பிளாஸ்டிக் பெட்டி, அதில் பிளாஸ்டிக் லென்ஸ், தொங்க ஒரு ரப்பர் வளையம்.

"இது என்னங்க?" என்றார், நல்ல தமிழில். அந்தமானில் தமிழுக்குப் பஞ்சமில்லை.

"கேமராங்க. யூஸ் அண்ட் த்ரோ."

"த்ரோ பண்ணிறாதீங்க" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார்.

அன்று அந்தக் கேமராக்களைப் பற்றிச் சொல்லப்பட்ட அறிவார்ந்த வாக்கியம் அது ஒன்றுதான். யூஸ் அண்ட் த்ரோ பேனா உண்டு, ஊசி உண்டு, டீக்கப் உண்டு. அவற்றில் முதலில் யூஸ், பிறகு த்ரோ. இந்தக் கேமராவிலோ யூஸ் ஐயத்துக்குரியது, த்ரோ தவறு. எடுத்ததெல்லாம் அதன் வயிற்றுக்குள் இருக்கிறது. எறிந்தால் போயிற்று. அப்படியே பெட்டியோடு லேப்பில் கொடுக்க வேண்டும், அங்கே உடைத்து எடுப்பார்கள். இது புதுப் பழக்கமும் இல்லை. 1888இல் ஈஸ்ட்மன் விற்ற முதல் கோடாக் கேமரா 25 டாலர். அதில் 100 படம் எடுத்து முடித்ததும் கேமராவையே ராச்செஸ்டருக்குத் தபாலில் அனுப்ப வேண்டும். 10 டாலர் கொடுத்தால் பிரிண்டும் புது ஃபிலிம் போட்ட கேமராவும் திரும்பி வரும். ஒரே வித்தியாசம், அன்று கேமரா வீடு திரும்பியது.

1986இல் ஜப்பானில் ஃபியூஜி இந்த இனத்தைப் புதிதாகக் கொண்டுவந்தபோது அதைக் கேமரா என்றே சொல்லவில்லை. 'லென்ஸ் வைத்த ஃபிலிம்' என்றார்கள். அதற்கு வைத்த விற்பனைப் பெயர் 'உட்சுருன்தெசு'. நம் ஊர்ப் பேச்சில் சொன்னால், ஏறக்குறைய 'படம் விழுதுங்க'. இவ்வளவு பணிவான பெயரை நான் வேறு எந்தக் கருவிக்கும் கேள்விப்பட்டதில்லை. எங்கள் கையில் இருந்தவை எந்த நிறுவனத்தவை என்பதைச் சொல்லப் போவதில்லை. குற்றம் நிறுவனத்துடையது அன்று என்பதே என் முடிபு. குற்றமில்லாதவர் பெயரைச் சபைக்கு இழுப்பானேன்.

நிலத்தைப் பற்றி இன்னொரு தரவு. அதற்கு முந்தின நாள் மவுண்ட் ஹேரியட் சாலையில் வண்டியை நிறுத்திய டிரைவர், சட்டைப் பையிலிருந்து 20 ரூபாய் நோட்டு ஒன்றை எடுத்துப் பின்பக்கத்தைக் காட்டினார். தென்னை மரங்கள், கடல், தூரத்தில் கலங்கரை விளக்கம். எதிரே பார்த்தால் அதே தென்னை, அதே கடல், அதே விளக்கம். நார்த் பே. என் பையன் நோட்டை வாங்கிக் கண்ணுக்கு நேராகப் பிடித்து, ஒரு கண்ணை மூடி ஒப்பிட்டான்.

"அப்பா, நோட்டுல கடல் செவப்பா இருக்கு."

அப்போதைய 20 ரூபாய் நோட்டு அந்த நிறம். ஆரஞ்சும் சிவப்பும் கலந்த மை. நான் சிரித்துவிட்டு விட்டுவிட்டேன். சிவப்பை அவ்வளவு அலட்சியமாக நடத்தியிருக்கக் கூடாது.

பொழுது: நெய்தலுக்குரிய சிறுபொழுது எற்பாடு. அதாவது பிற்பகல் 2 மணியிலிருந்து 6 மணிவரை, கதிர் சாயும் நேரம். நாங்கள் தண்ணீரில் இறங்கியது 1.40க்கு. அப்படியானால் அது நண்பகலைச் சேர்ந்ததுதானே என்று கேட்கலாம். கடிகாரப்படி அப்படித்தான். ஆனால் இந்திய நேரம் கணக்கிடப்படுவது 82.5 பாகை தீர்க்கரேகையில். போர்ட் பிளேர் இருப்பதோ 92 பாகையும் தாண்டி. பாகைக்கு 4 நிமிடம் வீதம் அந்தமான் சூரியன் ஏறக்குறைய 40 நிமிடம் முன்னால் ஓடுகிறது. காலையில் ஐந்தேகாலுக்கே ஜன்னலில் வெளிச்சம் தட்டும்போது புரியாதது, மாலையில் டீ குடித்து முடிப்பதற்குள் இருட்டும்போது புரியும். ஆக எங்கள் கைக்கடிகாரத்தில் நண்பகல், சூரியனிடம் எற்பாடு. இவ்வளவு சுத்தமாகத் திணை வழுவாமல் நாங்கள் வேறு எந்தக் காரியமும் செய்ததில்லை.

ஏன் அவ்வளவு நேரம் ஆயிற்று என்றால், புளியோதரை. "சாப்பிட்டுட்டு இறங்குங்க மாப்பிள்ளை, வெறும் வயித்துல கடல்ல இறங்கக் கூடாது" என்றார் மாமியார். சாப்பிட்டதும், "சாப்பிட்ட உடனே இறங்கக் கூடாது" என்றார். இரண்டு விதிகளுக்கும் இடையே நல்ல வெளிச்சம் போய்விட்டது. சாய்ந்த வெயிலில் ஒரு பகுதி நீரின் மேற்பரப்பிலேயே பட்டுத் தெறித்துப் போகும். மீதியும் சாய்வாக இறங்கி நீண்ட வழி நடந்து அடிக்குப் போக வேண்டும். போதாததற்கு மேகமும் வந்து நின்றது.

கருப்பொருள்

கருப்பொருள் என்பதில் விலங்கு, பறவை, பறை, யாழ் எல்லாம் வரும். இங்கே மூன்றே: கேமரா, மீன், உறவினர்.

முதலில் கேமரா. இந்த இனத்தில் பரவலாகக் காணும் அளவுகள் இவை: 800 ஐஎஸ்ஓ ஃபிலிம், 27 படம், 32 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் லென்ஸ், துவாரம் எஃப் 10, ஷட்டர் 125இல் ஒரு பங்கு நொடி. எதையும் திருப்ப முடியாது, மாற்ற முடியாது, ஃபிளாஷ் கிடையாது. மேலே ஒரு பார்வைச் சட்டம், பக்கத்தில் ஒரு நெம்புகோல், கட்டைவிரலால் உருட்ட ஒரு சக்கரம். ஃபிலிம் சுற்றும் முறையில் ஒரு விசித்திரம் உண்டு. சாதாரணக் கேமராவில் எடுக்க எடுக்க ஃபிலிம் டப்பாவிலிருந்து வெளியே வரும். இதில் தொழிற்சாலையிலேயே முழுவதையும் வெளியே இழுத்து வைத்துவிடுகிறார்கள். ஒவ்வொரு படமும் எடுத்த பிறகு டப்பாவுக்குள் போய் ஒளிந்துகொள்கிறது. எண்காட்டியும் 27இலிருந்து கீழே இறங்கும். செய்த பிழை உடனுக்குடன் பத்திரப்படுத்தப்படுகிறது, செய்யப்போகும் பிழைகள் எத்தனை மீதமென்பது எதிரே தெரிகிறது.

இதை மட்டமான கேமரா என்று தள்ளிவிட முடியாது என்பதற்கு ஒரு கணக்கு. ஃபிலிம் காலத்து ஸ்டுடியோக்காரர்களுக்கு மனப்பாடமான விதி ஒன்று உண்டு: நல்ல வெயிலில் துவாரம் எஃப் 16 என்றால், ஷட்டர் ஃபிலிமின் ஐஎஸ்ஓ எண்ணில் ஒரு பங்கு. 800 ஃபிலிமுக்கு 800இல் ஒரு பங்கு நொடி போதும். நம் கேமராவின் துவாரம் அதைவிட இரண்டரை மடங்கு ஒளியை விடுகிறது; ஷட்டர் ஆறு மடங்குக்கும் மேல் கூடுதல் நேரம் திறந்திருக்கிறது. பெருக்கினால் 16 மடங்கு. வெயிலில் கரையில் நிற்கும்போது தேவைக்கு 16 மடங்கு வெளிச்சத்தை இந்தக் கேமரா விழுங்குகிறது. பிழையா? இல்லை. கடலுக்குள் வெளிச்சம் குறையும் என்று தெரிந்து முன்கூட்டியே வைத்த கையிருப்பு. நெகட்டிவ் ஃபிலிம் அதிக வெளிச்சத்தை எப்படியோ தாங்கிக்கொள்ளும், குறைந்த வெளிச்சத்தைத்தான் தாங்காது. செய்தவர் யோசித்துத்தான் செய்திருக்கிறார். அவர் யோசிக்காதது புளியோதரையை.

இனி மீன். மீனைப் பற்றி முதலில் தெரிய வேண்டியது, அது இருக்கிற இடத்தில் இல்லை என்பது. நீரின் ஒளிவிலகல் எண் 1.33. தட்டையான கண்ணாடி வழியே பார்க்கும்போது எல்லாம் நாலில் மூன்று பங்கு தூரத்தில் இருப்பதுபோலத் தோன்றும், அதனால் பெரிதாகவும் தெரியும். ஒரு மீட்டரில் நிற்கிறது என்று நீங்கள் கைநீட்டும் கிளிமீன் 1.33 மீட்டரில் நிற்கிறது. கேமராவுக்கும் இதே மயக்கம்தான். 32 மில்லிமீட்டர் லென்ஸ் தண்ணீருக்குள் 43 மில்லிமீட்டர் லென்ஸ் மாதிரி நடந்துகொள்ளும். இப்போது கணக்குப் போடுங்கள். ஒரு சாண் நீள மீன் 2 மீட்டர் தூரத்தில் நின்றால், 6 அங்குலப் பிரிண்டில் அது முக்கால் அங்குலம். 4 மீட்டர் தள்ளிப் போனால் ஒரு நெல்மணி. கடலுக்குள் எங்களை மறித்துக்கொண்டு போன அந்த மீன்கூட்டத்தை வீட்டில் பார்த்தபோது, யாரோ பிரிண்டின் மேல் விதைநெல் தெளித்தாற்போல இருந்தது.

சரி, கிட்டே போய் எடுக்க வேண்டியதுதானே? அங்கேதான் இரண்டாவது தொல்லை. இந்த லென்ஸ் தெளிவாகப் பார்ப்பது 1 மீட்டருக்கு அப்பால் மட்டும். தண்ணீருக்குள் அந்த 1 மீட்டர் உண்மையில் 1.33 மீட்டர். அதைவிடக் கிட்டே போனால் மங்கல். 2 மீட்டருக்கு அப்பால் போனால் நடுவிலிருக்கும் தண்ணீரும் அதில் மிதக்கும் தூசியும் கண்ணை மறைக்கும். ஆகவே மீன் நிற்க வேண்டிய இடம் மொத்தம் ஒன்றரை முழம். அந்த ஒன்றரை முழத்துக்குள் வந்து, பக்கவாட்டில் திரும்பி, நாங்கள் சக்கரத்தை உருட்டி நெம்புகோலை அழுத்தும்வரை நிற்கும் பண்புடைய மீன் கல்யாண வீட்டு மாப்பிள்ளைக்குத்தான் நிகர். மாப்பிள்ளைக்கே வீடியோக்காரர் மூன்று தடவை சொல்ல வேண்டியிருக்கிறது.

மூன்றாவது தொல்லை நிறம். தண்ணீர் வெளிச்சத்தை ஒரே மாதிரி குடிப்பதில்லை. சிவப்பை முதலில் குடிக்கும், பிறகு ஆரஞ்சு, பிறகு மஞ்சள். 5 மீட்டர் போவதற்குள் சிவப்பில் பெரும்பகுதி காலி. நாங்கள் 5 மீட்டர் ஆழம் போகவில்லையே, மேலே ட்யூபைப் பிடித்துக்கொண்டு மிதந்தபடிதானே எடுத்தோம் என்று என் மனைவி ஒரு நியாயமான தடை எழுப்பினாள். விடை: வெளிச்சத்துக்குப் போக வர டிக்கெட். 3 மீட்டர் ஆழத்திலுள்ள மீனைத் தொட 3 மீட்டர் இறங்க வேண்டும், அங்கிருந்து நம் கேமராவுக்கு வர மறுபடி 3 மீட்டர். மொத்தம் 6. சிவப்பு போகும்போதே பாதி பணத்தைத் தொலைத்துவிட்டு, வரும்போது மீதியையும் தொலைக்கிற பயணி.

"நான் பாத்தேங்க. மஞ்சளும் செவப்புமா எத்தனை மீன்!" என்றாள். பார்த்தாள்தான். கண் பார்ப்பதில்லை, மூளை பார்க்கிறது. மூளைக்கு மஞ்சள் மீன் எப்படியிருக்கும் என்று தெரியும்; குறைகிற நிறத்தைத் தன் கையிலிருந்து போட்டுக் கணக்கை நேர்செய்துவிடுகிறது. ஃபிலிமுக்கு அப்படிப்பட்ட தாராளம் கிடையாது. வந்ததை எழுதும், வராததைக் காலியாக விடும். எங்கள் பையன் அன்று போட்டிருந்தது நல்ல ரத்தச் சிவப்பு டிரவுசர். படத்தில் அது காய்ந்த பாக்கு நிறம்.

1926இல் ஃபுளோரிடாவின் டிரை டொர்ட்டூகாஸ் தீவுகளில் மீன் ஆய்வாளர் லாங்லியும் நேஷனல் ஜியாகிரஃபிக்கின் சார்ல்ஸ் மார்ட்டினும் கடலுக்கடியில் முதல் வண்ணப் படங்களை எடுத்தார்கள். நிறத்துக்காக அவர்கள் செய்தது என்ன தெரியுமா? மேலே மிதவையில் மக்னீசியப் பொடியைக் குவித்து, ஏறக்குறைய அரைக் கிலோ, வெடிக்க வைத்தார்கள். அந்த வெளிச்சத்தில் ஒரு ஹாக்ஃபிஷ் படத்தில் விழுந்தது. 1927 ஜனவரி இதழில் வெளியானது. கடலுக்குள் நிறம் வேண்டுமென்றால் வெளிச்சத்தைக் கையோடு கொண்டுபோக வேண்டும் என்பது அன்றே தீர்ந்துபோன வழக்கு. நாங்கள் கொண்டுபோனது ஒரு தூக்கு.

மூன்றாவது கருப்பொருளாகிய உறவினரைப் பற்றி அதிகம் எழுதினால் வீட்டில் இருக்க முடியாது. சுருக்கமாக: முகத்தில் கண்ணாடி மாட்டியவர் பார்வைச் சட்டத்தில் கண்ணை வைக்க முடியாது. நடுவில் இரண்டு அங்குலம் தள்ளி நிற்கும். ஆகவே எல்லாரும் குத்துமதிப்பாக நீட்டிப் பிடித்தார்கள். நெம்புகோல் விறைப்பு, அழுத்தும்போது கேமராவே கீழே சாயும். கீழே சாய்ந்தால் படத்தில் மீன் மேல்விளிம்பில் வால் மட்டும் காட்டும். மச்சான் மட்டும் நின்று நிதானித்து எடுத்தார். "மாப்ள, டெக்னிக் என்னன்னா, மூச்சை அடக்கணும்" என்றார். அடக்கினார். அழுத்தும் நொடியில் விட்டார். அவர் எடுத்த படங்களில் குமிழிகள் மிகத் தெளிவாக வந்திருக்கின்றன.

உரிப்பொருள்

கடலுக்கும் பிரிண்டுக்கும் இடையில் மூன்று வாரம். மதுரைக்குத் திரும்பி, பொங்கல் செலவெல்லாம் சமாளித்து, கேமராக்களை லேப்பில் கொடுத்துவிட்டுக் காத்திருந்தோம். காத்திருத்தல் முல்லைக்கு உரியது. நெய்தலில் முல்லை புகுந்தால் அது திணை மயக்கம், இலக்கணம் அனுமதிக்கிறது. அந்த மூன்று வாரமும் எங்கள் வீட்டில் எல்லாரும் பார்த்த மீன்களைப் பற்றிப் பேசினார்கள். ஒவ்வொரு நாளும் மீன்கள் ஒரு விரற்கடை வளர்ந்தன. என் பையன் பள்ளியில் ஆமையையும் சேர்த்துவிட்டான்.

லேப்பில் இருந்த தம்பி கேமராவை ஸ்க்ரூடிரைவரால் பிளந்து ரோலை எடுத்துக் கழுவியிருந்தான். கவரைக் கொடுக்கும்போது ஏனோ என் முகத்தைப் பார்க்கவில்லை. "சார், கடல் போலருக்கு" என்றான். அந்தப் 'போலருக்கு' என்ற சொல்லில் ஒரு மருத்துவரின் கவனம் இருந்தது.

54இல் அச்சானது 52. மீதி இரண்டில் நெகட்டிவே புகைபிடித்தாற்போல இருந்தது. அமெரிக்காவிலிருந்து வரும்போது மச்சான் கேமராக்களைச் சரக்குப் பெட்டியில் போட்டார் என்பதும், விமான நிலைய எக்ஸ்ரே 800 ஃபிலிமுக்கு ஆகாது என்பதும் இங்கே தொடர்புடையவை; குடும்ப அமைதி கருதி மேலே செல்லவில்லை. 52இல் 19 படங்கள் வெறும் தண்ணீர். மீன் இல்லை, பவளம் இல்லை, மேல் கீழ் இல்லை. 8 படங்களில் வால். வாலுக்கு முன்னால் மீன் இருந்திருக்க வேண்டும் என்பது அனுமானப் பிரமாணம். புகை கண்டு நெருப்பு ஊகிப்பதுபோல, வால் கண்டு மீன் ஊகித்தல். 9 படங்களில் உறவினரின் கால், வயிறு, ட்யூபின் அடிப்பாகம். 5 படங்களில் விரல். மூன்று படங்கள் இன்றும் தீர்ப்பு வராதவை: ஒன்றைத் திருக்கை என்கிறார் மச்சான், மாமியாரின் பாவாடை நாடா என்கிறாள் மனைவி. இன்னொன்று தலைகீழாக எடுக்கப்பட்டது என்று நான்கு ஆண்டு கழித்துக் கண்டுபிடித்தோம். திருப்பிப் பார்த்தாலும் அப்படியேதான் இருக்கிறது.

ஒரே ஒரு படம் மட்டும் துல்லியம். கடல் அட்டை. மணலில் கிடந்தது, ஒன்றரை முழத்துக்குள் கிடந்தது, நகரவில்லை, அதற்குச் சிவப்பும் கிடையாது. எல்லா நிபந்தனைகளும் ஒன்றுகூடிய அந்தப் படத்தைக் கையில் வாங்கிய மாமியார் வெகுநேரம் பார்த்தார். "யாரோ செருப்பை விட்டுட்டுப் போயிருக்காங்க, பாருங்க மாப்பிள்ளை" என்றார்.

மீதி 7 படங்கள் கரையில் எடுத்தவை. படகு, தென்னை, தூக்கைத் திறக்கும் மாமியார். எல்லாம் நன்றாக வந்திருக்கின்றன. ஒரு புளியோதரைப் பருக்கைகூடத் தெரிகிறது. மேகம் வருவதற்கு முன் எடுத்தவை. 16 மடங்கு வெளிச்சத்தையும் ஃபிலிம் தாங்கிக்கொண்டிருக்கிறது. நீர்புகாக் கேமராவுக்கு ஏற்ற இடம் நீர் புகாத இடம் என்று இதிலிருந்து பெறப்படுகிறது. இரண்டாம் பத்தியில் பார்த்த நிலப்பொருளுக்கு இது இன்னொரு சான்று.

மறுநாள் கவரோடு திரும்பப் போனேன். தம்பி பொறுமையாகக் கேட்டான். "சார், செவப்பு ஏத்திப் போடட்டுமா?" ஏற்றச் சொன்னேன். லேப் மெஷினுக்கு ஒரு சுபாவம். வருகிற படத்தின் நிறங்களையெல்லாம் கூட்டிச் சராசரி சாம்பலாக்கப் பார்க்கும். நீலம் அதிகமிருந்தால் எதிர்நிறத்தைக் கொட்டும். முதல் தடவையே எங்கள் கடலின் நீலத்தில் பாதியை அது தின்றுவிட்டிருந்தது. இப்போது தம்பியும் சிவப்பை ஏற்றினான். இல்லாத சிவப்பை ஏற்ற முடியாது, இருக்கிற எல்லாவற்றின் மேலும் பூச மட்டும் முடியும். கடல் கத்திரிக்காய் நிறமாயிற்று. மச்சானின் குமிழிகள் மாதுளை முத்துகள். வெளிச்சம் பற்றாத நெகட்டிவ் ஆகையால் எல்லாவற்றின் மேலும் ரவை தூவினாற்போல ஒரு பொரி. "பழசே இருக்கட்டும் தம்பி" என்றேன். "அதான் நல்லது சார், அதுல தண்ணியாச்சும் தண்ணி மாதிரி இருக்கு" என்றான்.

இங்கே அவன் சொன்னதுதான் இந்த ஆய்வின் கருத்து, நான் வேறு சொல்ல வேண்டியதில்லை. நாங்கள் மீனை எடுத்ததாக நினைத்தோம். கேமரா எடுத்தது எங்களுக்கும் மீனுக்கும் நடுவில் இருந்ததை. அந்த 19 படங்களையும் மேசையில் வரிசையாகப் பரப்பிப் பார்த்தால், கரையோரத்துப் பச்சையிலிருந்து ஆழத்து நீலம்வரை ஒன்றுக்கொன்று நூலிழை வித்தியாசத்தில் தண்ணீரின் நிறங்கள். ஜவுளிக்கடையில் பாவாடைத் துணிக்குக் காட்டும் நிறஅட்டை மாதிரி. இவ்வளவு தண்ணீரை வேறு எந்தப் படத்திலும் நான் பார்த்ததில்லை. அழகு என்று சொல்ல வாய் வந்தது. அதற்குள் வீட்டில் மருதம் தொடங்கிவிட்டது: விரல் படங்கள் ஐந்திலும் இருப்பது யார் விரல் என்ற ஊடல். நகத்தில் மருதாணிச் சிவப்பு இருந்தால் தீர்த்துவிடலாம். இருந்திருக்கலாம். சிவப்பு பதியவில்லை.

ஆல்பம் ஒன்று வாங்கினோம், பக்கத்துக்கு இரண்டு பிரிண்ட் செருகும் வகை. 52 பிரிண்டும் வரிசை எண்ணோடு போனது. தண்ணீர்ப் படங்களை எடுத்துவிடலாம் என்றாள் மனைவி. மூலத் தரவைக் கலைக்கக் கூடாது என்று நான் விடவில்லை. விருந்தினர் வரும்போது பையன் ஆல்பத்தை எடுத்து வருவான். பத்தாம் பக்கத்துக்கு மேல் அவர்கள் வேகமாகப் புரட்டுவார்கள். "அந்தமான் எப்படித்தான் இருக்கும்?" என்று கடைசியில் ஒருவர் கேட்டார். பையன் உள்ளே ஓடிப்போய் என் சட்டைப் பையிலிருந்து 20 ரூபாய் நோட்டு ஒன்றை எடுத்துவந்து, பின்பக்கம் தெரிய, காலியாக இருந்த 53ஆம் செருகலில் வைத்தான். தென்னை, கடல், கலங்கரை விளக்கம். எல்லாம் தெளிவு. எல்லாம் சிவப்பு.

அந்த ஆல்பத்தில் அதிகப் பாராட்டு வாங்கிய படம் அதுதான். பல வருஷம் இருந்தது. போன பொங்கலுக்கு எடுத்துப் பார்த்தபோது 53 காலி. விசாரித்தேன். பால்காரருக்குச் சில்லறை இல்லாமல் இருந்ததாம், மாமியார் எடுத்துக் கொடுத்துவிட்டாராம். "அதுல வேற நல்ல படம் நிறைய இருக்கே மாப்பிள்ளை" என்றார்.